தல்முய் என்ற பெயருக்கு எண் இல்லை

மகளுக்கு ஆசை ஆசையாகத் தேடித் தல்முய் என்று பெயர் வைத்தவர் பியோ சங்மு. சொங்ஜு நகர அலுவலகத்தில் கணினிப் பிரிவு அவர் பொறுப்பு. ஆனால் அவருடைய கணினிக்கே அந்தப் பெயர் வராது.

கொரிய எழுத்தில் மெய்யையும் உயிரையும் ஒரு கட்டத்துக்குள் அடுக்கினால் அசை தயார். 1992இல் வந்த கணினிகளுக்கு அடுக்கத் தெரியாது. ஆயத்தமாக 2,350 அசைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அவ்வளவுதான். யாரும் அதிகம் எழுதுவதில்லை என்று ‘முய்’யை விட்டுவிட்டார்கள் அந்தப் பட்டியல் போட்ட புண்ணியவான்கள். மருத்துவமனை அட்டையிலும் அந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் வந்தது.

“பள்ளிக்கூடத்துலயும் இப்படியே வந்துச்சுன்னா பேரை ஜீஉன்னு மாத்திடலாங்க. உங்க ஆசைக்குப் பிள்ளை ஆயுசு பூரா அல்லாடணுமா?” என்றாள் மனைவி ஹ்வாசுக். பெயர் மாற்ற மனுவையும் வாங்கி வைத்துவிட்டாள்.

சங்மு விடவில்லை. முதல் வகுப்பின் பெயர்ப்பட்டைகளுக்கான பட்டியலைத் தானே தயாரித்துத் தருவதாக ஆசிரியையிடம் வலியப் போய்க் கேட்டு வாங்கிவந்தார். கணினியில் அவரவர் வரைந்துகொள்ளச் சில காலி எண்கள் உண்டு. முதல் எண்ணில் ‘முய்’யைப் புள்ளி புள்ளியாக வரைந்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நெகிழ்வட்டில் ஏற்றி, பள்ளியில் அச்சடித்துக்கொள்ளக் கொடுத்தார். அவசரத்தில் ஒன்றை மறந்துபோனார்: வட்டில் போவது எண் மட்டும், படம் அவர் கணினியிலேயே தங்கிவிடும்.

பள்ளிக் கணினியில் அதே எண்ணில் மதிய உணவுப் பட்டியலுக்காக யாரோ சோற்றுக் கிண்ணம் வரைந்திருந்தார்கள். சேர்க்கை நாளன்று, புதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மார்பில் குத்தும் கைக்குட்டையோடு தல்முய்க்குக் குத்திய பட்டையில் ‘தல்’, பக்கத்தில் ஆவி பறக்கும் கிண்ணம். பிள்ளைகள் “சோத்துக் கிண்ணம்!” என்று கத்த, தல்முய் பட்டையைக் கையால் மூடியபடியே வீடு வந்தாள்.

சங்மு மனுவை எடுத்து விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“ராசாத்தி, அப்பா தோத்துட்டேன். ஜீஉன்னு வச்சுக்கலாமா?”

தல்முய் மூக்கை உறிஞ்சினாள். “நான் ஜீஉன்னா ஆயிட்டா, நீங்க மறந்துபோய்த் தல்முய்னு கூப்பிடுவீங்கல்ல? அப்ப யாருப்பா வருவா?”

அவருக்குக் கண் நிறைந்தது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு தெருவுக்கே கேட்கும்படி ஹ்வாசுக் கூப்பிட்டாள்.

“தல்முய்! ஏ தல்முய்! சூப் ஆறுதுடி, வா!”

“இதோ வர்றேம்மா!” என்று ஓடினாள் பிள்ளை.