லெஸ்ஸுக்கு ஒரு ஷவர்

வீட்டைப் பிரித்துப் போட்டது என் கணவன் லெஸ். அதைத் திரும்பச் சேர்க்கத் தெரிந்ததும் அவனுக்கு மட்டும்தான். மாடிப்படியைக் கழற்றியாயிற்று, சமையலறைத் தரையை மண் தெரியத் தோண்டியாயிற்று, குளியலறைச் சுவரில் மிச்சமிருந்த கடைசி டைலைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். அப்படியே சரிந்து உட்கார்ந்தான். பக்கவாதம். வலது கை, வலது கால், அப்புறம் பேச்சு.

அது மார்ச் மாதம். நாங்கள் அப்போது வீட்டு முற்றத்தில் நின்ற கேரவனில், காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீட்டுவண்டியில், குடியிருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலில் செய்த வண்டி. யாரோ ஒரு விவசாயி அதில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தான். லெஸ் அதை வாங்கி வந்து, இரண்டு வருஷம் சுரண்டி, தேய்த்து, கீழே பச்சையும் மேலே பாலாடை நிறமுமாகப் பெயின்ட் அடித்தான். என்னை ஏறிட்டுப் பார்த்த நேரத்தைவிட அந்தத் தகரத்தைப் பார்த்த நேரம் அதிகம். "மூணே மாசம் ஹிலரி, அதுக்குள்ள வீடு ரெடி" என்றான். நானும் நம்பினேன். கேரவனில் குளிக்க வசதி கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள் ஊர் நீச்சல் குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம்.

மே மாதம் ஆஸ்பத்திரியில் பெர்னடெட் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பெண், அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

"லெஸ் உட்கார்ந்து குளிக்கிற மாதிரி ஒரு இடம் வேணும், ஹிலரி. வெந்நீரோட. அது இருந்தா நேரா உங்ககிட்ட அனுப்பிடுவேன். இல்லேன்னா கொஞ்ச நாளைக்கு முதியோர் இல்லத்துல வச்சுப் பார்க்கலாம்."

இந்தக் கொஞ்ச நாள் எனக்குத் தெரியும். லெஸ்ஸின் அண்ணன் கென் போனதும் கொஞ்ச நாளைக்குத்தான். நாலு வருஷம் இருந்துவிட்டு அங்கேயே செத்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவனைப் பார்த்துவிட்டு வந்து, காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பான் லெஸ். "என்னை இங்க கொண்டாந்து விட்றாத" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். நான் வாக்குக் கொடுத்தேன்.

"உங்களால சமாளிக்க முடியுமா? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றாள் பெர்னடெட்.

"ஓ, அதெல்லாம் சமாளிச்சுக்கலாம் கண்ணு" என்றேன். வட இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷரில் பஸ் டிரைவர் முதல் பல் டாக்டர் வரை எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

லெஸ்ஸின் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றே மூன்று வாக்கியம் மிச்சம். "நல்லா இருக்கேன்." "குறை ஒண்ணும் இல்ல." "நன்றி கண்ணு." ஆயிரக்கணக்கான தடவை யோசிக்காமல் சொன்ன வார்த்தைகள் மூளையில் வேறு மூலையில் தங்கிவிடுமாம், டாக்டர் சொன்னார். நர்ஸ் ஊசி குத்துவாள், இவன் கண்ணில் தண்ணீர் வழியும், வாய் மட்டும் "குறை ஒண்ணும் இல்ல" என்று சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுபத்தாறு வருஷம் பேசிய வாயில், என் பெயர்கூட நிற்காமல், பாழாய்ப்போன இந்த மூன்றுதானா நிற்க வேண்டும்!

பெர்னடெட் கொடுத்தது பத்து நாள் தவணை. ஊரிலிருந்த கொத்தனார் எல்லாரும் செப்டம்பரில்தான் வர முடியும் என்றார்கள். வீட்டில் முடியாது, அதனால் கேரவனில் ஷவர். கதவுக்குப் பக்கத்தில் இருந்த துணி அலமாரியைப் பிடுங்கி எறிந்தேன். ஷவருக்குக் கிடைத்த இடம் எழுபது சென்டிமீட்டர் அகலம். நாற்பது வருஷமாக நான் செய்த மராமத்து வேலையெல்லாம் லெஸ் கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுத்தது மட்டும்தான். அதிலும் பாதி நேரம் தப்பான ஸ்பானர்.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு டக் கல்சுவருக்கு அந்தப் பக்கம் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றான். கூட அவன் நாய்.

"என்ன ஹிலரி, ஓட்டை போடுறியா?"

"இல்ல டக், ஸ்வெட்டர் பின்னுறேன்."

"நான் வேணா ஒரு கை பிடிக்கட்டுமா?"

"அய்யோ வேண்டாம். உனக்கு ஆயிரம் வேலை கிடக்கும்."

"ஒரு வேலையும் இல்ல."

"பரவால்ல டக், நான் பாத்துக்கறேன்."

"அப்ப சரி. எதாவது வேணும்னா ஒரு சத்தம் கொடு."

டக் முப்பத்தொரு வருஷம் பிளம்பராக இருந்தவன். எங்கள் தெருவில் பாதிக் குழாய் அவன் மாட்டியது. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. கேட்கிறவன் கேட்க வேண்டும், கேட்கப்பட்டவள் மறுக்க வேண்டும். அதற்கு மேல் வற்புறுத்தினால் அவன் நாகரிகம் தெரியாதவன், ஒப்புக்கொண்டால் நான் வெட்கம் கெட்டவள். நான் குழாயைத் தலைகீழாக மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரி தாடையைப் பிடித்தபடி நின்றான். வாயைத் திறக்கவில்லை. மகா மரியாதைக்காரன்.

அழுக்குத்தண்ணீர் போக அடியில் துளை போட்டேன். டிரில் இரும்பில் முட்டி அலறியது. வண்டியின் உத்தரம். ஒரு சாண் தள்ளிப் போட்டேன். அங்கே ஒரு முட்டும் இல்லாமல் பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. வார்னிஷுக்கு அடியில் தரைப்பலகை, தேநீரில் தோய்த்த பிஸ்கட் மாதிரி இருந்தது. இரண்டு வருஷம் பெயின்ட் அடித்தவன் கண்ணில் இது படவே இல்லை, அல்லது பட்டும் என்னிடம் சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து, வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டு ஒன்றை அறுத்து வந்து அந்த இடத்தில் வைத்துத் திருகினேன்.

அடுத்தது வாட்டம். குளிக்கிறவர் காலுக்கடியில் இருக்கும் ஷவர்த் தட்டில் துளை பின்மூலையில். எங்கள் முற்றமோ பள்ளத்தாக்கைப் பார்த்து முன்பக்கம் சரிந்தது. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் முழுக்க முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தது. ஜாக்கி வைத்து வண்டியின் முன்பக்கத்தை நாலு விரல் உயர்த்தினேன். தண்ணீர் ஓடியது. ஆனால் அன்றிலிருந்து வாணலியில் முட்டை ஒரு ஓரமாக ஒதுங்கிப் பொரிந்தது, திறந்த அலமாரிக் கதவெல்லாம் தானாகப் போய் அடித்துக்கொண்டது.

லெஸ் பிடித்துக்கொள்ளச் சுவரில் மாட்டும் கைப்பிடிதான் மோசம். உள்சுவர் வெறும் மூன்று மில்லிமீட்டர் பலகை, திருகு நிற்கவில்லை. தகரத்தைத் துளைத்து வெளியிலிருந்து போல்ட் கொடுத்தால்தான் உண்டு. டிரில்லை வைக்கும் முன் அந்தப் பாலாடைப் பெயின்ட்டைச் சட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தேன்.

"லெஸ், உன் வண்டியில ஓட்டை போட்டுட்டேன்" என்று அன்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். "வெளிப்பக்கமா. நாலு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் இடது கையால் என் கையைத் தடவினான். "நன்றி கண்ணு."

பத்தாம் நாள் பெர்னடெட் வந்தாள், லெஸ்ஸையும் சக்கர நாற்காலியில் அழைத்துக்கொண்டு. கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தாள். நின்றது. தண்ணீரைத் திறந்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். சுட்டது. அகலத்தை அளந்தபோது மட்டும் உதட்டைக் கடித்தாள்.

"உள்ள ரெண்டு பேர் நிக்க முடியுமா?"

"நான் ஒல்லிதானே."

நான் ஒல்லி இல்லை. அதை அவளும் பார்த்தாள்.

"காலையில ஒரு ஆள் வந்து கூட நின்னு குளிப்பாட்ட ஏற்பாடு பண்ணலாம். வேணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிடறேன்."

அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. வேணும் என்றால் முடியவில்லை என்று அர்த்தம், முடியவில்லை என்றால் கென் படுத்திருந்த அறை. என் தலைக்குள் கணக்கு அப்படித்தான் ஓடியது. கணக்கைவிடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"வேண்டாம் கண்ணு. எங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம்."

"லெஸ், நீங்க என்ன சொல்றீங்க?"

"குறை ஒண்ணும் இல்ல" என்றான் லெஸ்.

அவனுக்கு வேறு வாக்கியம் கிடையாது. எனக்கு முழு மொழியும் இருந்தது. நானும் அதையேதான் எடுத்து நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஞாயிறு காலை முதல் குளியல். நான் பழைய நீச்சலுடையை மாட்டிக்கொண்டேன். அவனைப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைக்கவே அரை மணி ஆயிற்று. தண்ணீரைத் திறந்தேன். வெந்நீர் தலையில் விழுந்ததும் அவன் முகம் மேலே திரும்பியது. இரண்டு மாதமாக ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே வைத்திருந்த உடம்பு. கண்ணை மூடி, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி தண்ணீரை வாயில் பிடித்தான். "நன்றி கண்ணு" என்றான். இந்தத் தடவை அது தானாக வந்த வார்த்தை இல்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம், செய்த வேலையில் கர்வமும்கூட.

சோப்புப் போட்டேன். சோப்பு நீர் தட்டில் பரவியது. நான்தானே வண்டியைப் பின்னால் சாய்த்து வைத்திருந்தேன், முக்காலி அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு போனது. லெஸ் கைப்பிடியைத் தேடினான், வலது பக்கம். வலது கை அசையவில்லை. கைப்பிடியை அந்தப் பக்கம் வைத்தது யார்? நான்தான். இழுத்துப் பார்த்த பெர்னடெட் கண்ணிலும் அது படவில்லை. அப்படியே லெஸ் என் மேல் சரிந்தான். நான் அவனுக்குக் கீழே, முட்டி மடங்கி, சுவரோடு சுவராக. அவன் விளங்காத கால் நீண்டு ஷவர்க் கதவை உதைத்தபடி நின்றுவிட்டது. கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். அதையும் மாட்டியது நான்தான்.

தூக்கப் பார்த்தேன். ஒரு அங்குலம். அப்புறம் அதுவும் இல்லை. கைபேசி கட்டில் மேல் கிடந்தது. குழாய்த் திருகு என் கைக்கு ஒரு சாண் மேலே. வெந்நீர் ஆறு நிமிடத்தில் தீர்ந்து பச்சைத்தண்ணீர் வந்தது. வெளியே இருந்த பீப்பாயிலிருந்துதான் பம்ப் தண்ணீரை ஏற்றும், அது காலியாகும்வரை எங்கள் மேல் கொட்டியது. அப்புறம் பம்ப் மட்டும் வெறுமனே உறுமிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஈரம் காய்ந்து அவன் முதுகு சில்லிட்டது. அவனுக்கு நடுக்கம், எனக்கு அதைவிட நடுக்கம். என் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

வெளியே சரளைக்கல்லில் காலடி.

"எல்லாம் சரிதானே அங்க?" டக்கின் குரல். "பம்ப் ரொம்ப நேரமா ஓடுதே."

"குறை ஒண்ணும் இல்ல" என்றான் லெஸ், என் தோளில் முகம் பதிந்தபடி.

நான் வாயைத் திறந்தேன். டக் வந்தால் கதவை உடைப்பான். ஆம்புலன்ஸ் வரும். பெர்னடெட் வருவாள். இரண்டே நாளில் விழுந்துவிட்டார் என்று எழுதுவார்கள். நான் கொடுத்த வாக்கு அத்தோடு போச்சு.

"நல்லா இருக்கோம் டக்!" என்றேன். பல் கிட்டித்துப்போன வாயிலிருந்து எப்படித்தான் அவ்வளவு இனிமையாக வந்ததோ.

"அப்ப சரி."

காலடி திரும்பிப் போனது. எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. "டக்" என்றேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

லெஸ் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். என் உதடு என்ன நிறத்தில் இருந்ததோ, ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு இடது கையை என் பிடியிலிருந்து உருவி, சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்தான். வண்டியே அதிர்ந்தது.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் லெஸ். உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கடா."

அவனுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். கையைப் பிடுங்கி மறுபடி அடித்தான். மறுபடி. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. "நல்லா இருக்கேன். குறை ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்." கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. அவன் அடிக்கிற ஒவ்வொரு அடியும் எனக்காகத்தான் என்று புரிந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"டக்!" என்று கத்தினேன். "நல்லா இல்ல டக்! உள்ள வா!"

டக் ஓடி வந்து படியில் ஏறியதும் கேரவன் ஒரு பக்கம் சாய்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. நான் லெஸ்ஸை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், இன்னும் ஒரு நிமிடமாவது அவன் என்னிடம் இருக்கட்டும் என்று.