செவலை போட்ட நாலு குட்டிகள்

1

இந்தக் கதை ஒரு பொய் வாக்குமூலத்திலிருந்து பிறந்தது. 2004 ஜனவரியில், வளைகுடாப் பக்கம் புஜைராவில் ஒரு பண்ணை அலுவலகத்தில் அதைத் தட்டச்சு செய்தவன் நான். ஐந்து வருடமாக இதைக் கதையாக எழுதப் பார்க்கிறேன். ஒரு தொடக்கம் இப்படி இருந்தது: ‘மலைகளுக்குப் பின்னால் சூரியன் ரத்தமாக...’

அன்று சூரியன் சாதாரணமாகத்தான் இருந்தது. ரத்தம் கார்மேகத்தின் முகத்தில் இருந்தது.

2

கார்மேகம் பரமக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பத்து நான்கு வயது. விசாவில் பண்ணைத் தொழிலாளி. பார்த்த வேலை நாய் பழக்குவது. எங்கள் அர்பாப் (முதலாளியை அப்படித்தான் சொல்வோம்) மலையடிவாரத்தில் பெரிய நிலத்தை வேலி போட்டு வைத்திருந்தார். வளர்த்த கௌதாரிகளை அதில் திறந்துவிட்டு, குளிர்காலத்தில் விருந்தாளிகளோடு போய்ச் சுடுவார். கௌதாரி புதரடியில் பதுங்கிக்கொள்ளும். மூக்கை நுழைத்து அதைக் கிளப்புவது நாயின் வேலை. பறவை எழும்பியதும் விசில் ஊதுவார்கள். நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். துரத்தினால் துப்பாக்கிக்குக் குறுக்கே போய்விடும்.

மூன்று நாய்கள் இருந்தன. தொங்கு காது, கப்பலேறி வந்த சாதி. அதில் இளைய பெட்டைக்குக் காகிதத்தில் ஏதோ நீளமான பெயர். கார்மேகம் செவலை என்று கூப்பிட்டார். அது அந்தப் பெயருக்குத்தான் வந்தது.

[இங்கே இருவருக்குமான பாசத்தை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவர் அதைக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. அதன் காதில் ஏறிய முட்களை ஒவ்வொன்றாக எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது முடியாமல் சாப்பிட வரமாட்டார்.]

3

காலை ஒன்பது மணி இருக்கும். நான் தண்ணீர்ப் பெட்டியோடு வண்டியருகே நின்றிருந்தேன். செவலை ஒரு முள்புதருக்குள் புகுந்தது. கௌதாரி எழும்பி, உயரப் போகாமல் தரையை ஒட்டிப் பறந்தது. கார்மேகம் விசில் ஊதினார். செவலை உட்கார்ந்தது.* விருந்தாளி ஒருவர் பறவையின் போக்கிலேயே துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டு போனார். குழல் கார்மேகம் நின்ற பக்கம் வந்தபோது சுட்டுவிட்டார்.

கார்மேகம் கத்தவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

“செவலைக்கு அடிபட்டிருச்சா? பாருங்க தம்பி” என்றார்.

படவில்லை.

சுட்டவரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு, தலைத்துணியை அவிழ்த்துக் கார்மேகத்திடம் நீட்டினார்.

* விசில் ஊதினார், செவலை உட்கார்ந்தது: எல்லாப் பிரதிகளிலும் நான் மாற்றாமல் விட்ட வாக்கியங்கள் இந்த இரண்டும்தான்.

4

வலது கண் போய்விட்டது. மூன்றாம் நாள் மேனேஜர் கலீலுர் ரஹ்மான் பாய் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காவல் நிலையத்தில் கொடுக்க ஒரு வாக்குமூலம் வேண்டியிருந்தது.

“விருந்தாளி பேரு வரக்கூடாது கார்மேகம். நாய் சொல் கேக்காம ஓடுச்சு, பிடிக்கப் போயி நீ குறுக்க வந்துட்டேன்னு எழுதிக்கலாம். கலாஸ், முடிஞ்சுது.”

“நாயி?”

“அடங்காத நாயை அர்பாப் வச்சுக்க மாட்டாரு. ஊசி போட்டுருவாங்க.”

கார்மேகம் என்னைப் பார்த்தார். கட்டுப் போடாத கண்ணால் பார்க்கத் தலையை முழுதும் திருப்ப வேண்டியிருந்தது.

“தம்பி, நான் விசிலு ஊதலைன்னு எழுதுங்க. மறந்துட்டேன். ஊத வேண்டியவன் ஊதாட்டி நாயி என்ன செய்யும்?”

“அண்ணே, நீங்க ஊதுனீங்க. நான் பார்த்தேன்.”

“நீங்க பார்த்தது எனக்குப் போதும். எழுதுங்க.”

பாய் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

குறித்துக்கொண்டு வந்து, அலுவலகத்தில் தட்டச்சு செய்து மறுநாள் கொண்டுபோனேன். ‘என் கவனக்குறைவால்’ என்பது நானாகச் சேர்த்தது, அவர் சொல்லவில்லை. தமிழில் கையெழுத்துப் போட்டார். கோடு தப்பி, கடைசி எழுத்து தாளைப் பிடித்திருந்த என் விரல்மேல் ஏறியது.

5

அவர் ஊருக்குப் போனார். நாயை வைத்துக்கொண்டார்கள். ஒரு பிரதியை இங்கேயே முடித்து, அல் குசைஸில் இருந்த நண்பனிடம் காட்டினேன். அவனுக்குக் கண் கலங்கியது. வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

ஏனென்றால் அவர் போன அடுத்த மாதம் மறுபடி வேட்டை நடந்தது. முதல் வெடிச் சத்தத்திலேயே செவலை வேலி இடுக்கில் நுழைந்து மலையேறி ஓடிவிட்டது. மூன்று நாள் தேடினோம். கார்மேகத்தின் விசிலை நான்தான் ஊதினேன். அவர் ஊதுகிற மாதிரி எனக்கு வரவில்லை. அந்த மலையில் தண்ணீர் கிடையாது. செவலை கிடைக்கவேயில்லை.

6

அந்தச் சித்திரையில் அவருக்குப் போன் செய்தேன்.

“செவலை நல்லாருக்கா தம்பி?”

“நல்லாருக்குண்ணே. குட்டி போட்டிருக்கு.”

“எத்தனை?”

“நாலு.”

சிரித்தார். கண் போனபிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அதிலிருந்து ஒவ்வொரு சித்திரையிலும் போனிலேயே குட்டிகளை வளர்த்துவருகிறேன். ஒன்றை முவைலாவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ஒன்றுக்கு முன்னங்கால் இரண்டும் வெள்ளை. வாக்குமூலம் அவர் சொல்லி நான் எழுதிய பொய். நானே எழுதிய முதல் கதை இந்தக் குட்டிகள்தான்.

[ஒரு முடிவு: செவலையை ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கண்டெடுத்து... வேண்டாம்.]

7

இதை ஒரு பத்திரிகை வாங்கிக்கொண்டது. கார்மேகத்துக்கு மிச்சமிருக்கும் கண்ணும் மங்கிவருகிறதாம். மகள் உமாராணி பன்னிரண்டாவது படிக்கிறாள். “நீங்க எழுதுனது வந்தா அனுப்புங்க தம்பி, பாப்பா வாசிச்சுக் காட்டும்” என்று போன வாரம் சொன்னார்.

உமாராணி, இதழை உன் பெயருக்குத்தான் அனுப்புகிறேன். முதலில் நீ மட்டும் தனியாகப் படி என்று உறைமேல் எழுதியிருக்கிறேன். மூன்றாம் பகுதியை அவசியம் உரக்க வாசி. அப்பா விசில் ஊதினார் என்று அச்சில் வந்திருப்பதை அவர் கேட்க வேண்டும். ஐந்தாம் பகுதியிலிருந்து மிச்சமெல்லாம் உன் கையில். நான்காம் பகுதியோடு நிறுத்திவிட்டால், வருகிற சித்திரையிலும் அவர் குட்டிகளைப் பற்றிக் கேட்பார், நானும் சொல்வேன். வாசித்துவிட்டால் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ அவர் மகள். உனக்குத் தெரிந்திருக்கும்.