கால் பிடுங்கிய சுவர்க்கோழி

கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டுவதில் உலகம் முழுக்க ஒரே வாய்தான் போலிருக்கிறது. எங்கள் யோக்யகர்த்தாவிலும் அப்படித்தான். அந்தப் பட்டம் சுபார்ஜோவின் தலையில் வந்து உட்கார்ந்தபோது தெருவில் ஒருத்தருக்கும் ஆச்சரியம் இல்லை.

மனுஷன் செய்த காரியம் அப்படி. தெருத் தலைவர் தேர்தல் வந்தால் போதும், கியார்த்தோவுக்காக முதலில் கிளம்புகிற ஆள் அவர்தான். மூன்று தேர்தலுக்கும் கியார்த்தோவின் முகத்தைத் தன் ஜெராக்ஸ் கடையில் இலவசமாக அடித்துக் கொடுத்து, மின்கம்பம் மின்கம்பமாக ஒட்டி, மூன்றிலும் அவரை ஜெயிக்க வைத்தவர். நான்காம் தேர்தலில் அதே பசை வாளியோடு, எதிர்த்து நின்ற ஹர்யாத்தி அம்மாவின் பக்கம் போய்விட்டார். அந்த அம்மாவும் ஜெயித்துத் தொலைத்தார். கியார்த்தோவுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அடுத்த மாதக் கூட்டத்தில், எல்லாரும் இனிப்புத் தேநீரும், புளிக்க வைத்த சோயாவைப் பொரித்த தெம்பேயுமாக உட்கார்ந்திருந்தபோது, கியார்த்தோ சிவப்பு நாடா கட்டிய ஒரு பெட்டியோடு எழுந்தார். ஆள் வாட்டசாட்டம், கறுகறுவென்று மீசை. பாட்டுக் குருவிப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கி வீட்டு முன்னறையில் அடுக்கி வைத்திருப்பவர்.

"ஜோ, உன் கூடப்பிறந்தவன் சந்தையில அநாதையாக் கிடந்தான். மனசு கேக்கல. கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

பெட்டிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்திக் குஞ்சு. தளிர் இலைப் பச்சை, சுருட்டி வைத்த வால். ஒரு கண் சுபார்ஜோவைப் பார்த்தது, மற்றது கியார்த்தோவைப் பார்த்தது.

"பாத்தீங்களா! இப்பவே ரெண்டு பக்கமும் பாக்குது!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுபார்ஜோ காது வரைக்கும் சிவந்து போனார். பெட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது அவருக்கு.

அவர் மனைவி வார்த்தினா விடவில்லை. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி மாஸ். எங்க வீட்ல ஒரு வாய் கூடிச்சு, அவ்வளவுதானே? வளத்துக்குறோம்."

'மாஸ்' என்றால் அண்ணன். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் அதுதான், எதிரி எதிரியைக் கூப்பிடுவதும் அதுதான்.

"வளக்கிறதா? ஆகஸ்ட் பதினேழு வரைக்கும் இது தாங்காது. தன் இனத்துக்கே சோறு போடத் தெரியாதவன்னு உன் புருஷனைத்தான் ஊர் பேசும், பாரு" என்றார் கியார்த்தோ.

சுபார்ஜோவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வீறாப்பு. "சுதந்திர தினத்துக்கு இதைத் தோள்ல வச்சுக்கிட்டு மைதானத்துக்கு வரேன் மாஸ். நீங்களும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். பச்சோந்தி என்ன தின்னும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

குஞ்சுக்கு சபார் என்று பெயர் வைத்தார்கள். பொறுமை என்று அர்த்தம். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போக ஒரு காலைத் தூக்கி, ஆட்டி, யோசித்து, திரும்ப வைக்கிற பிராணிக்கு வேறென்ன பெயர் வைப்பது?

பெட்டியோடு ஒரு பொட்டலம் பொடிச் சுவர்க்கோழிகள், ராத்திரியில் கிரீச்சிடுகிற அந்தப் பூச்சிகள், உயிரோடு வந்திருந்தன. அவற்றை சபார் சட்டுசட்டென்று தின்றுவிட்டது. பொட்டலம் தீர்ந்ததும் சுபார்ஜோ முனைக் கடையில் ஒரு டப்பா வாங்கி வந்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பாட்டுக் குருவி உண்டு. குருவிக்குச் சுவர்க்கோழி வைப்பதென்றால் முதலில் அதன் தலையை நசுக்கிப் பெரிய கால்களைப் பிடுங்கிவிடுவோம். தொண்டையில் குத்திவிடும், குத்தினால் பாட்டு கெட்டுவிடும். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. சுபார்ஜோவும் பக்திசிரத்தையாக ஒவ்வொன்றுக்கும் கால் பிடுங்கி, கிண்ணத்தில் போட்டுக் கூண்டுக்குள் வைத்தார்.

சபார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளும் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தளிர்ப் பச்சை மங்கிச் சேற்று நிறமானது. கோபுரக் கலசம் போலத் துருத்தி நின்ற கண்கள் உள்ளே போயின. வார்த்தினா கிண்ணத்தை மாற்றிப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் தாளை நீட்டுவதற்கு முன்னால், "உங்க தம்பி இன்னும் இருக்காரா?" என்று கேட்டார்கள். கியார்த்தோ ஒருபடி மேலே போய், "சவத்துணி நானே வாங்கித் தரேன், கைக்குட்டை அளவு போதும்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுபார்ஜோவுக்கு அழுகையே வந்துவிட்டது. "கட்சி மாறினவன் நான். இது என்ன பாவம் பண்ணிச்சு? இது ஏன் சாகணும்?" என்றார் பெண்டாட்டியிடம்.

"புலம்புற நேரத்துல சந்தைக்குப் போங்க. இதை வித்தவங்களுக்கு அது என்ன திங்கும்னு தெரியாமலா இருக்கும்?" என்றாள் அவள்.

கூடையில் சபாரை வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, பிராணிகள் சந்தைக்குப் போனார். குருவிக் கடைகளைத் தாண்டி மூலையில் பூச்சி விற்கிற முர்ஜியா அக்காவின் கடை. சுற்றிலும் டப்பா டப்பாவாக நெளிகிற, தாவுகிற, கிரீச்சிடுகிற சரக்கு. நடுவில் அந்தம்மா சாவகாசமாகச் சோறு தின்றுகொண்டிருந்தார்.

"என்ன போடுறீங்க இதுக்கு?"

சுபார்ஜோ கையோடு கொண்டுபோன கிண்ணத்தைக் காட்டினார். முர்ஜியாவுக்குப் புரையேறிவிட்டது.

"ஐயோ தெய்வமே! கால் பிடுங்கிட்டீங்களா? இது என்ன குருவியா? குருவி கிண்ணத்துல கொத்தித் திங்கும். இது குறி பாத்து அடிக்கிற ஜாதி. அசையாத எதையும் இது சாப்பாடுன்னே எண்ணாது. உங்க கிண்ணத்துல இருக்கிறது இதுக்குக் கூழாங்கல்லு!"

காலோடு ஒரு சுவர்க்கோழியை எடுத்துக் குச்சியில் விட்டார். அது இரண்டடி வைத்தது. சபாரின் இரண்டு கண்களும் மெல்லத் திரும்பி ஒன்றாய்ச் சேர்ந்தன. வாய் லேசாகத் திறந்தது. அவ்வளவுதான் சுபார்ஜோ பார்த்தது. குச்சியில் சுவர்க்கோழி இல்லை.

"அடேயப்பா!" என்று சந்தை அதிரக் கத்திவிட்டார்.

ஆனால் இரண்டாவது சுவர்க்கோழியை விட்டபோது சபார் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"அலுத்துப் போச்சு அதுக்கு. நீங்க மட்டும் தினம் தெம்பேவே திம்பீங்களா?" என்றார் முர்ஜியா.

"திங்கிறேனே."

"மிளகாய்ச் சம்பல் தொட்டுக்காம?"

சுபார்ஜோவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அப்ப இந்தாங்க, ஜெர்மன் புழு. கொழுகொழுன்னு இருக்கு. ஒரு கிலோ போடட்டுமா?"

வியாபாரம் வியாபாரம்தானே. எங்கள் சந்தையில் சின்னப் புழுவுக்கு ஹாங்காங் புழு என்று பெயர், பெரியதுக்கு ஜெர்மன் புழு. இரண்டும் அந்தந்த ஊரைக் கண்ணால் பார்த்திருக்காது. சுபார்ஜோ ஜெர்மன்காரரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது அவர் விரலை நறுக்கென்று கடித்தது. சபாரின் தலையருகே வைத்துப் பார்த்தார். அதன் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடத்தைவிடப் புழு தடியாக இருந்தது.

"வேணாம்க்கா. இது அவனைத் தின்னுரும் போலருக்கு."

"பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்று சிரித்தார் முர்ஜியா.

அன்று தொடங்கியது சுபார்ஜோவின் பூச்சிப் பைத்தியம். எதை வாங்கினாலும் அந்த இரண்டு கண் இடைவெளிதான் அளவுகோல். ஹாங்காங் புழுவை வாங்கினார், தோல் கெட்டியாக இருப்பதைப் பார்த்து எப்போதாவது ஒன்றிரண்டோடு நிறுத்தினார். பொடிக் கரப்பான் வாங்கினார். அதற்கு வார்த்தினா தனி மூடியும் அதன் மேல் ஒரு செங்கல்லும் கேட்டாள். சுவர்க்கோழிகளுக்கு முதலில் நல்ல தீனி போட்டு, பிறகு எலும்பு வலுவுக்கென்று சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளைப் பொடியில் புரட்டிக் காலோடு விட்டார். நல்ல தீனி என்று அவர் முருங்கை இலை உருவிக்கொண்டு வந்த அன்று வீட்டில் ஒரே ரகளை. எங்கள் பக்கத்தில் அது சாவு வீட்டு இலை.

"பொணத்தைக் குளிப்பாட்டுற இலையை வீட்டுக்குள்ள கொண்டு வரீங்களே, புத்தி இருக்கா?"

"பூச்சிக்குத்தான் திக்." 'திக்' என்றால் தங்கை, எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது அப்படி.

"பூச்சி திங்கும், பூச்சியை அது திங்கும், அதை நான் கொஞ்சணுமா?" என்றாள். ஆனால் மறுநாள் கொல்லைப்புறத்து முருங்கையில் இலை உருவிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

கறுப்பு ஈயின் புழுவை வாங்கி வந்து, பாதியைப் புழுவாகவே கொடுத்துவிட்டு, மீதியைக் கூண்டுக்குள் ஈயாகப் பொரிய விட்டார். "ஊர்ல இல்லாத ஈயா? காசு குடுத்து வேற வாங்கணுமா!" என்று வார்த்தினா தலையில் அடித்துக்கொண்டாள். ஈக்கள் பறக்க ஆரம்பித்ததும் சபாருக்கு வந்ததே ஒரு வெறி! கிளைக்குக் கிளை துரத்தித் துரத்தி அடித்தது. அந்த வாரமே பழைய பச்சை திரும்பியது. பக்கவாட்டில் மஞ்சள் பட்டையும் எழும்பியது.

வெட்டுக்கிளி விஷயம்தான் கூத்து. வயல் வெட்டுக்கிளி வேண்டாம், மருந்தடித்த வயலாக இருந்தால் உயிருக்கே உலை என்று பயந்தார். வார்த்தினாவின் அக்கா வீடு வொனொசாரியில், தேக்குக் காட்டு ஓரம். "மருந்து படாத வெட்டுக்கிளியா, சின்னதாப் பாத்து அனுப்பு அக்கா" என்று போன் போட்டாள் வார்த்தினா. அக்காவும் பாசத்தோடு ஒரு பெரிய பாட்டில் நிறைய அனுப்பினாள். திறந்தால் கமகமவென்று வாசனை. பூண்டும் வெல்லமும் போட்டு, மொறுமொறுவென்று வறுத்த வெட்டுக்கிளி!

"உயிரோட வேணும்னு நீ சொல்லவே இல்லியேடி! வெட்டுக்கிளியை யாராச்சும் உயிரோட திம்பாங்களா?" என்று அக்கா போனில் கத்தினாள். வெட்டுக்கிளி வறுவலுக்குப் பேர்போன அந்த ஊரில் அவள் கேட்டது நியாயம்தான்.

பாட்டிலைப் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து காலி செய்தார்கள். கூண்டுக்குள்ளிருந்து சபார் ஒரு கண்ணால் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு சுபார்ஜோவே பைக்கில் அக்கா ஊருக்கு மலையேறிப் போய், பச்சைக் குட்டி வெட்டுக்கிளிகளாகப் பிடித்து வந்தார். அவற்றைக் கண்டதும் சபார் வாலை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்த அழகைப் பார்க்க வேண்டுமே! சுவர்க்கோழிக்கு ஒரு நடை, ஈக்கு ஒரு நடை, வெட்டுக்கிளிக்கு ஒரு நடை என்று சுபார்ஜோ அலைய அலைய, அது வளர்ந்துகொண்டே போனது.

ஆகஸ்ட் பதினேழு வந்தது. மைதானம் முழுக்கச் சிவப்பு வெள்ளைத் தோரணம். சாக்குப் பந்தயம் முடிந்து, ஆம்பிளைகளுக்கான அப்பளப் போட்டிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். வட்டமான பெரிய அப்பளம் நூலில் தொங்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே தின்று முடிக்க வேண்டும். வருஷா வருஷம் ஜெயிப்பவர் கியார்த்தோ. அந்த வாய்க்கு அப்பளம் எந்த மூலைக்கு?

அப்போது சுபார்ஜோ வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தோளில் முழங்கை நீளத்துக்கு சபார். நெற்றியில் கிரீடம் போல எழும்பிய கொண்டை, பச்சையும் மஞ்சளும் நீலமுமாக உடம்பு. கூட்டம் கழுத்தை நீட்டி முண்டியது.

"ரப்பர் பொம்மையா ஜோ?" என்றார் கியார்த்தோ. குரலில் பழைய சுருதி இல்லை.

"கிட்ட வந்து விரலை நீட்டிப் பாருங்க மாஸ்" என்றாள் வார்த்தினா. "இல்லேன்னா ஒண்ணு பண்ணுவோம். அவனுக்கும் ஒரு நூல் கட்டுங்க. போட்டிக்கு அவனும் வரான்."

ஹர்யாத்தி அம்மா விசிலும் கையுமாக நின்றிருந்தார். "விதியில மனுஷன் மட்டும்னு எழுதல" என்று சொல்லிவிட்டார்.

கொய்யாக் கிளையில் சபாரை விட்டார்கள். எதிரே, இழுத்தால் நழுவுகிற முடிச்சில் ஒரு வெட்டுக்கிளி. பக்கத்தில் கியார்த்தோ, அவர் முன்னால் அப்பளம். விசில் ஒலித்தது.

கியார்த்தோ பாய்ந்தார். முதல் கடியிலேயே கால்வாசி அப்பளம் போனது. சபார் ஒரு காலைத் தூக்கியது. ஆட்டியது. யோசித்தது.

"போச்சுடா! காலை வைப்பா!" என்று கூட்டம் தவித்தது. கியார்த்தோ பாதி அப்பளத்தைத் தாண்டிவிட்டார். மீசையெல்லாம் துகள். சபார் காலைத் திரும்ப எடுத்த இடத்திலேயே வைத்தது.

வெட்டுக்கிளி ஒரு உதை உதைத்தது.

இரண்டு கண்களும் ஒன்றாய்ச் சேர்ந்தன. சட்டென்று ஒரு சத்தம். நூல் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

மைதானம் வெடித்தது! பிள்ளைகள் குதித்தார்கள், பெண்கள் பாத்திரத்தைத் தட்டினார்கள். "சபார்! சபார்!" என்று ஊரே கத்தியது. சுபார்ஜோ வார்த்தினாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். அத்தனை வயசில், அத்தனை பேர் முன்னால்! முதல் பரிசான பிளாஸ்டிக் வாளியை ஹர்யாத்தி அம்மா கொய்யாக் கிளையிலேயே கொண்டுபோய் மாட்டினார்.

கியார்த்தோ வாயிலிருந்த அப்பளத்தை விழுங்கிவிட்டுக் கிட்டே வந்தார். சபாரை மேலும் கீழும் பார்த்தார். "குருவி வச்சிருக்கிற எனக்கே இது தங்கியிருக்காது ஜோ. அப்படி என்னதான் போட்ட?"

"தினம் ஒண்ணு மாத்திப் போட்டேன் மாஸ். ஒரே தீனியையே போட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. முதல்ல நானும் நம்ம பழக்கத்துல சுவர்க்கோழிக்குக் கால் பிடுங்கித்தான் போட்டேன். தொடவே இல்ல. அசையாததை அது இரைன்னு நம்பாதாம்."

"ஓஹோ."

"நானும் அப்படித்தான் மாஸ்" என்றார் சுபார்ஜோ. குரலை உயர்த்தவில்லை, ஆனால் கூட்டம் அடங்கியிருந்தது. "என் கடைக்குள்ள மழைக்கு மழை தண்ணி வருது, சாக்கடை கட்டித் தரேன்னு மூணு தேர்தலுக்கும் சொன்னீங்க. மூணு தடவையும் நம்பிப் போஸ்டர் ஒட்டினேன். அந்தச் சாக்கடை வேலை அசையவே இல்லையே மாஸ்."

மைதானத்து ஓரத்தில் ஹர்யாத்தி அம்மா கட்டின புதுச் சாக்கடை வெள்ளை மாறாத சிமெண்டோடு நீளமாகத் தெரிந்தது. கியார்த்தோ அதைப் பார்த்தார். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, கடைசியில் காது வரைக்கும் கறுத்தது.

கிளையில் சபார் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.