ஓட்டைக்கு எட்டணா

ஓட்டை ஒன்றுக்கு எட்டணா. பதினோரு ஓட்டைக்கு ஐந்தரை ரூபாய் கூலி கொடுத்துத்தான், பழைய இரும்பு வியாபாரி ஹிதாயத்துல்லா அந்த மில் கதவுக்கு ஒட்டுப் போட்டு, பச்சை வர்ணமும் அடித்துக் கடை வாசலில் சாத்தியிருந்தார். முப்பத்தாறில் வேலைநிறுத்தக்காரர்களைப் பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டதே, அந்தக் குண்டுகள் துளைத்த கதவு. பன்னிரண்டு பேர் போனார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறிய மறுவருஷம் கதவு எடைக்கு வந்துவிட்டது. தவளக்குப்பத்து மண்டிக்காரர் பத்து ரூபாய் அச்சாரமும் கொடுத்துவிட்டார். ஓட்டைக் கதவென்றால் பாதி விலைக்கல்லவா கேட்பார்?

ஜூலை முப்பது காலையில் வைத்திக்குப்பத்து மீன்காரி தனக்கொடி வந்து கூடையை இறக்கினாள். கூடையில் மீன் இல்லை, பன்னிரண்டு செவ்வரளி. வருஷாவருஷம் இதே தேதியில் மில் வாசலுக்கு வந்து, ஓட்டைக்கு ஒரு பூ செருகுவாள். அவள் புருஷன் கலியமூர்த்தி அங்கேதான் விழுந்தான்.

“எங்க பாய் ஓட்டைங்க?”

“ஓட்டையக் காசு குடுத்து யாரும்மா வாங்கறான்? பாரு, மாப்பிள்ள மாதிரி நிக்குது.”

“மாப்பிள்ளதான். மூஞ்சியில மாவு அப்பின மாப்பிள்ள.” தகட்டைத் தடவினாள். “எம்புருஷன் குடிச்சிட்டுச் சண்டையில செத்தான்னு இப்பவே ஒருத்தி பேசறா. நாளைக்கு, சுடவே இல்லன்னும் சொல்லுவாங்க. அப்ப எதக் காட்டுவேன்?”

“கெட்டி ஒட்டும்மா, கேளு” என்று ஹிதாயத்துல்லா விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். டொக், டொக்.

தட்டின கை அப்படியே நின்றது. பத்தொன்பது வருஷமாய் அவர் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம். அன்றைக்குச் சொல்தாக்கள், அந்தப் பிரெஞ்சுச் சிப்பாய்கள், சுடச் சுட, மில்லுக்கு எதிரே இருக்கிற இதே கடையின் கதவை யாரோ இப்படித்தான் தட்டினார்கள். இவர் உள்ளே தாழ்க்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டுவது ஓய்ந்தபிறகும் விடவில்லை. சாயங்காலம் திறந்தால் படியெல்லாம் ரத்தம். ஆளைத் தூக்கிப் போயிருந்தார்கள்.

உளியை எடுத்தார். ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். தனக்கொடி பின்னாலேயே பூ செருகிக்கொண்டு வந்தாள். பதினொன்று ஆயிற்று.

“பன்னெண்டாவது பூவ எப்பவும் மண்ணுலதான் வெச்சிட்டுப் போவேன்.”

ஹிதாயத்துல்லா தன் கடைக் கதவுப் பலகையில் அரக்கு வைத்து அடைத்திருந்த ஓரிடத்தைச் சுரண்டினார். சுண்டுவிரல் நுழையும் குண்டுத் துளை.

“இது யாரோடது பாய்?”

“தெரியாது. தட்டினான். நான் தொறக்கல.”

தனக்கொடி கூடையில் மிஞ்சியிருந்த பூவை எடுத்தாள். அதை அவர் கையில் திணித்தாள்.

“நீயே வெய்யி. அடுத்த வருஷமும் வருவேன். கதவு இங்கயே இருக்கணும்.”

அவள் போனதும் சிட்டையில் எழுதினார்: கதவு, விற்பனைக்கில்லை. ஒட்டுக்கூலி ஐந்தரை ரூபாய், நஷ்டம். அச்சாரம் பத்து, திருப்ப வேண்டியது. பூ, இரும்பில் பதினொன்று, பலகையில் ஒன்று. ஆள் பெயர் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டார்.