ஆறிப்போனது போலிருந்த ஜாம் பன்

1

இந்தக் கதை என் நாக்கில் பிறந்தது. ஆறிவிட்டது என்று நம்பி ஒரு ஜாம் பன்னைக் கடித்தேன். உள்ளிருந்த ஜாம் நாக்கைப் பொசுக்கிவிட்டது. இரண்டு நாள் பேச முடியாததால் எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: 'வெப்பம் என்பது பொருள்களுக்கு ஏற்ப...' வேண்டாம், பாடப்புத்தக வாடை.

ஒரு பேக்கரியில் பதினெட்டு வருடமாக ஓவன் முன்னால் நிற்பவள் ஒருத்தி. கவுண்டரில் அவளுடைய கொழுந்தன். எட்டு மாதம் அவள் வீட்டில் சும்மா இருந்தவனுக்கு அவளே முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. கூட்டம் மிகுந்தால் அவளும் கவுண்டருக்கு வருவாள். ஒரு காலை, இறக்கிப் பத்து நிமிடமான ட்ரேயிலிருந்து ஜாம் பன் ஒன்றை அவன் தொட்டுப் பார்த்தான். ஆறித்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தான். வாங்கியவர் வானொலியில் செய்தி வாசிப்பவர். அன்று அவரால் செய்தி வாசிக்க முடியவில்லை.

3

மறுநாள் அவர் வந்து கத்திவிட்டுப் போனார். (வெந்த நாக்கோடு கத்த முடியுமா? முடியும், கோபம் இருந்தால்.) முதலாளி நேரே ஓவனறைக்கு வந்தார்.

"ஏம்மா, ஆற விடாமயா வெளிய அனுப்புவே? அதே ட்ரேல வெறும் பன் வாங்கினவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே! நாளையிலேர்ந்து வராதே."

கொழுந்தன் கதவோரம் வெளிறி நின்றான். அவனைக் கைகாட்டினால் அவள் தப்பிவிடலாம். அவள் காட்டவில்லை. அப்போதுதான் இறக்கிய ட்ரேயிலிருந்து வெறும் பன் ஒன்றும் ஜாம் பன் ஒன்றும் எடுத்து வைத்தாள். பத்து நிமிடம் ஆற விட்டாள்.

"தொட்டுப் பாருங்க சார்."

"ரெண்டும் ஆறிடுச்சு."

"இப்பப் பிச்சு உள்ள விரலை வைங்க."

வெறும் பன்னில் இளஞ்சூடுதான். ஜாமில் வைத்த விரல் துள்ளிக்கொண்டு வாய்க்குப் போனது.

"ஒரே ஓவன், ஒரே நேரம்தான் சார். பன்னு கொஞ்சம் சூட்டை வாங்கினாலே சூடேறிரும், சட்டுனு ஆறிரும். ஜாம் அதே அளவு சூடேற நிறைய வாங்கணும். வாங்கினதை லேசுல விடாது. வெளிய தொட்டுப் பாத்தா யாரும் ஏமாந்துதான் போவாங்க."

[இவளுக்கு இது எப்படித் தெரியும்? பள்ளியில் அறிவியலில் முதல் மதிப்பெண் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பதினெட்டு வருடம் விரல் சுட்டவளுக்கு என் சான்றிதழ் எதற்கு?]

4

முதலாளி விரலை ஊதிக்கொண்டே சொன்னார். "சரி, நீ போக வேணாம். ஆனா அந்தப் பன்னை எடுத்துக் கொடுத்தது யாரு?"

முடிவு ஒன்று: "நான்தான்" என்கிறாள் அவள். எழுதிப் பார்த்தேன். அவளைத் தெய்வமாக்கி மூலையில் உட்கார வைத்துவிட்டது.

முடிவு இரண்டு: முதலாளி சிரித்து மன்னித்துவிடுகிறார். அந்த ஆளை உருவாக்கியவன் நான். அவர் அப்படிச் சிரிப்பவரில்லை.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுந்தன் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்து வாயைத் திறக்கிறான். முதல் சொல் 'நான்தான்' என்பதா, 'அண்ணிதான்' என்பதா? அவனுக்கு எட்டு மாதம் சோறு போட்டது உங்கள் வீடு என்று நினைத்துக்கொண்டு, நீங்களே எழுதுங்கள்.