டைம்ஷேர் பிராது

என் வீட்டுக்காரருக்குப் பொருள் செய்யத் தெரியும், விற்கத்தான் தெரியாது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார். ஃபியூஸ் கேரியர், அகல் விளக்கு, சீசன் வந்தால் கொலு பொம்மை. சூளையிலிருந்து இறக்கிய சரக்கை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ விரிசல் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைப்பதோடு நின்றால் பரவாயில்லை. வாங்க வந்தவரிடமே, "இந்த லாட்டு அவ்வளவு சொகம் இல்லீங்க, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வருவார். அவர் பேர் கொளஞ்சிநாதன். நான் அன்புக்கரசி. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு நான் படும் பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

இப்பேர்ப்பட்டவர் ஏமாந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பீங்கான் தட்டுக்கு.

பாண்டிச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்து வாசலில் டை கட்டிய பையன் ஒருவன் கூப்பன் கொடுத்தான். கணவனும் மனைவியுமாக ஒரு ஹோட்டலுக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் டின்னர் செட் இலவசமாம். ஊரெல்லாம் பீங்கான் சூளை இருக்கிற ஊர்க்காரருக்கு இலவசத் தட்டு எதற்கு? நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இல்ல அன்பு, அதுல கிளேஸ் பூச்சு எப்படிப் போட்டிருக்கான்னு ஒரு தரம் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

ஒரு மணி நேரம் என்றது சாயங்காலம் வரை போனது. ஜூஸ் மேல் ஜூஸ் வந்தது. மலைப்பிரதேச ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் உங்களுடையது, இருபத்தைந்து வருஷத்துக்கு உங்களுடையது, டைம்ஷேர் என்று பேர் என்றார்கள். கடைசியில் எங்கள் பேரை மைக்கில் சொல்லி எல்லோரும் கை தட்டினார்கள். இவர் கூச்சப்பட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். எதிரில் நின்று கை தட்டுகிறவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

ஒரு தரம் ஏற்காடு போனோம். அதைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். பனியில் எனக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார். ரூமுக்குள் போனதும் முதல் வேலையாக வாஷ் பேசினைத் தட்டிப் பார்த்து, "நல்ல சரக்குதான்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தார். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் பாதியாகிவிடும்.

அதற்கப்புறம் ஒரு வருஷமும் ரூம் கிடைக்கவில்லை. லீவு நாளில் கேட்டால் நிரம்பிவிட்டது என்பார்கள். அடைமழையில் வா என்பார்கள். போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே வந்தது. என்ன நடந்திருக்கிறது என்று இவருக்கு மெல்லத்தான் புரிந்தது. புரிந்த அன்றைக்கு விசேஷத்துக்கு ஆகும் என்று நான் பிரிக்காமல் வைத்திருந்த அந்த டின்னர் செட் பெட்டியைக் கயிறோடு பரண்மேல் ஏற்றிவிட்டார். ஒட்டடை அடிக்க நான் அந்தப் பக்கம் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். காதாலேயே விரிசலைக் கண்டுபிடிக்கிற ஆள் நாலு தட்டுக்கு ஏமாந்துவிட்டானே என்று எஸ்டேட்டே சிரிப்பதாக அவருக்கு நினைப்பு. என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

அதனால்தான் அதை விற்றுத் தொலைக்கச் சொன்னேன். எவ்வளவு வந்தாலும் சரி. இந்த மனுஷர் இன்னொரு தரம் ஏமாறக்கூடாது, எனக்கு அது ஒன்றுதான் கவலை. முதல் தரத்துக்கே பரண் பக்கம் பார்க்க மாட்டேன் என்கிறவர், இரண்டாம் தரம் என்றால் கண்ணாடியையே பார்க்க மாட்டார்.

கோயம்புத்தூரில் படிக்கிற எங்கள் மகள் துர்கா நெட்டில் விளம்பரம் போட்டாள். அதைப் பார்த்து யாரும் கூப்பிடுவதற்கு முன்பே உள்ளூரில் ஜயா டீச்சர் கேட்டு வந்தார். ரிட்டையர் ஆனவர், சன்னதித் தெருவில் வீடு. அவருக்கும் அவர் வீட்டுக்காரர் சிவராமகிருஷ்ணனுக்கும் வேலையே ஊர் சுற்றுவதுதான். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. காபி போட்டுக் கொண்டு வருவதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், மே மாசம் ரூமே கெடைக்காதுங்க. வருஷா வருஷம் காசு ஏறும். சாப்பாடு தனி. அந்த மலை ரோட்டுல வாந்தி வேற வரும். யோசிச்சிக்குங்க."

டீச்சர் காபியைக் குடித்துவிட்டு யோசிப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். நான் அன்று முழுக்க இவரோடு பேசவில்லை. "சரக்குல விரிசல் இருந்தா சொல்லணும்ல?" என்று பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மனுஷரை நம்பி ஆகவில்லை என்றதும் சாமியிடம் போனார். எங்கள் பக்கத்தில் யாராவது மோசம் செய்துவிட்டால் போலீசுக்கு முன்னால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்தான். நடந்ததை வெள்ளைத்தாளில் மனுவாக எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். பிராது கட்டுவது என்று பேர். காரியம் முடிந்ததும் மறக்காமல் போய் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கேஸ் நிலுவையிலேயே இருக்கும். இவர் அந்தச் சாமி பேரையே வைத்துக்கொண்டிருப்பவர். பாண்டிச்சேரி ஹோட்டல், கூப்பன், கை தட்டல் எல்லாவற்றையும் விவரமாக எழுதிக் கட்டிவிட்டு வந்தார். பேர் பொருத்தத்தில் சீக்கிரம் பார்ப்பார் என்று நம்பிக்கை.

அந்த வாரமே, நெட் விளம்பரத்தைப் பார்த்து ஒரு போன் வந்தது. ஒரு பெண். பேர் ஷ்ரேயா, சென்னையில் ரீசேல் அண்ட் க்ளோசிங் கம்பெனி என்றாள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று பேப்பர், பணம் எல்லாம் முடித்துக் கொடுப்பார்களாம். துபாயில் ஒரு பார்ட்டி நாம் கொடுத்ததைவிட அதிகம் தரத் தயாராம். வரியும் கட்டணமும் மட்டும் முதலில் நாம் அனுப்ப வேண்டுமாம், விற்ற பணத்தோடு திரும்பி வந்துவிடுமாம்.

"பாத்தியா அன்பு? பிராது கட்டி நாலு நாள் ஆவல, அவரே ஆள் அனுப்பிட்டாரு" என்றார். வேறு ஊர்க்காரன் என்றால் கம்பெனி யாருடையது என்று விசாரித்திருப்பான். இவர் சாமி அனுப்பிய ஆளை விசாரிப்பது மரியாதையில்லை என்று நினைத்துவிட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஏற்காட்டுக்கு அப்புறம் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அதைக் கெடுக்கவும் மனசு வரவில்லை, பணத்தை அனுப்ப விடவும் மனசு வரவில்லை. பாங்குக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "ஒரு தரம் நானும் பேசிடறேன், போன் போட்டுக் குடுங்க" என்றேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, உங்க கட்டணத்த வித்த பணத்துல புடிச்சிக்கக் கூடாதா?"

"கம்பெனி ரூல் அப்படி இல்ல மேடம்."

"ஆபீஸ் எங்க இருக்குது? நேர்லயே வந்து கட்டிடறோம்."

"எல்லாமே ஆன்லைன் ப்ராசஸ் மேடம்."

"அப்ப ரிசார்ட்டுக்காரங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறோம்."

"கேட்டீங்கன்னா அவங்க டீலையே நிறுத்திடுவாங்க மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கேள்விக்கு முன்னால் பதில் வந்து நின்றது. இவர் எதிரில் நின்று அவள் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சரிம்மா. எங்க வூட்டுக்காரரு இந்த விஷயமா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டியிருக்காரு. நல்லபடியா முடிச்சிக் குடு, வாபஸ் வாங்கிடுவாரு."

பிராது என்றால் என்ன மேடம் என்று அவள் கேட்கவில்லை. சென்னைக்காரப் பெண் என்றால் கேட்டிருப்பாள். எனக்குச் சுரீரென்றது.

"யாரு மேல கட்டியிருக்கீங்க?" என்றாள். மேடம் காணாமல் போய்விட்டது.

"இந்த டைம்ஷேர்ல எங்கள ஏமாத்தினவங்க மேலயும், இனிமே ஏமாத்தப் போறவங்க மேலயும்."

கடைசிப் பாதி என் சொந்தச் சரக்கு. இவர் வாயைத் திறந்தார், நான் கண்ணால் அடக்கினேன்.

"அக்கா," என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கிவிட்டது. "காசு அனுப்பாதீங்க. துபாய்ல பார்ட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு வேப்பூர் பக்கம்தான்க்கா. எங்க அம்மா வருஷா வருஷம் அந்தக் கோயிலுக்குத்தான் வரும். இங்க இந்த வேலைன்னு வூட்டுல தெரியாது." போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் மாட்டின சட்டையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோறு போட்டேன், வேண்டாம் என்றார். மோர் கொடுத்தேன், அதுவும் வேண்டாம்.

"எந்தச் சரக்கானாலும் தட்டிப் பாக்கற ஆளு, ஒரு ஆள தட்டிப் பாக்கத் தெரியல பாரு எனக்கு" என்றார்.

நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்துகொண்டிருந்தது. பணம் போகவில்லை, ஆனால் மனுஷர் போய்க்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க அப்படி இருக்கறதாலதாங்க நான் உங்களோட இருக்கேன்" என்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. எழுந்து போய்ச் செருப்பைத் தேடினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கோயிலுக்கு. பிராத வாபஸ் வாங்கணும்."

"இன்னும் விக்கவே இல்லியே! அதுவும் அவ பேரு அதுல இல்ல. நான் சும்மா சொன்னேன்."

"நீ சும்மா சொன்னேன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா? பிராதுல மாட்டிக்கிட்டோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கும். காசு அனுப்பாதீங்கன்னு நெசத்தச் சொன்ன பொண்ணு அன்பு அது. அது பயந்துக்கிட்டுக் கெடக்க வாணாம்."

கோயிலில் மனு வாங்கி வைக்கிறவர், காரியம் முடிந்ததா என்று கேட்டார். முடியவில்லை என்றார் இவர். முடியாமல் யாராவது வாபஸ் வாங்குவார்களா என்று அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு முடிஞ்சிதுங்க" என்று சொல்லிவிட்டு, இவர் சாமி முன்னால் கண்ணை மூடி நின்றார். வெளியே வந்ததும் ஆட்டோவில் உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "அம்மா, வாபஸ் வாங்கியாச்சு. உன் மேல ஒண்ணும் இல்ல. நேரத்துக்குச் சாப்புடு." நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏமாற்ற வந்தவளைச் சாப்பிடச் சொல்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது நேரான வேலை. பழைய ஒப்பந்தத்தில் இருந்த ரிசார்ட் நம்பருக்கு நானே பேசினேன். அவர்களுக்கு ஏஜெண்டு என்று யாரும் இல்லையாம். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து சென்னை ஆபீசுக்கு வந்தால் பேர் மாற்றித் தருவார்களாம், கட்டணத்தை அந்தக் கவுண்டரிலேயே கட்டினால் போதுமாம். எல்லாவற்றையும் ஜயா டீச்சரிடம் போய்ச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னவர் நிஜமாகவே யோசித்திருந்தார். கூட்டம் இல்லாத மாதத்தில் போவதற்கு ரிட்டையர் ஆனவர்களுக்கு என்ன கஷ்டம் என்றார். நாலு பேரும் ரயிலேறிச் சென்னை போனோம்.

பேர் மாற்றுகிற ஆபீசர், "எந்த ரீசேல் கம்பெனி மூலமா வந்தீங்க?" என்று கேட்டார்.

"கம்பெனியெல்லாம் கிடையாது சார்," என்றார் ஜயா டீச்சர். "இதோ இவர் வாங்காதீங்கோ, வாங்காதீங்கோன்னு அவ்வளவு சொன்னார். இப்படிச் சொல்றவர்கிட்ட வாங்காம வேற யார்கிட்ட வாங்கறது?"

ஆபீசர் சிரித்தார். இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ரயிலில் திரும்பி வரும்போது, "டீச்சர் சொன்னத கேட்டியா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டேன் கேட்டேன் என்று அலுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இவர் பரண்மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். கயிற்றை அறுத்து, தட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, காதருகே வைத்துத் தட்டினார். கணீர், கணீர் என்று வந்துகொண்டிருந்தது. ஒன்று மட்டும் பொத்தென்றது. அதைத் தூக்கிப் போடுவார் என்று பார்த்தேன். நல்லதாக ஒரு தட்டைக் கழுவி என் பக்கம் வைத்தார். பொத்தென்ற தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சோறு போடு அன்பு, பசிக்குது" என்றார்.