முந்திக்கொண்ட மன்னிப்பு

டீச்சரம்மா வீட்டுப் போர்டிகோவில் கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இடது முன்சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. அது இருந்த இடத்தில் தோள்வரை நுழைந்து, அந்த வீட்டில் சமைக்கிறவளின் புருஷன் மல்லாந்து படுத்திருந்தான். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்திருந்தாள். ஒன்பது மணிக்குத் தொடங்கிய வேலை, பன்னிரண்டு ஆகியும் முடிந்தபாடில்லை. நடுவில் இரண்டு முறை உள்ளே ஓடி அடுப்பைக் கவனித்துவிட்டு வந்தாள்.

"வெளிச்சத்த மூஞ்சில அடிக்காத. நான் என்ன சினிமா ஸ்டாரா?"

"எங்கதான் அடிக்கணும்?"

"கியர்பாக்ஸ் வாயில. ஆக்சில் உள்ள போகுது பாரு, அங்க."

சக்கரத்தைச் சுழற்றும் அந்த இரும்புத் தண்டின் வெளிமுனையை அவன் எப்போதோ விடுவித்துவிட்டான். உள்முனைதான் கியர்பாக்ஸைவிட்டு வர மறுத்தது. அதன் நுனியில் ஒரு கம்பி வளையம் இருக்கிறதாம். லாக் என்றான். நெம்புகோலைக் கொடுத்துச் சரியாக ஒரு தட்டுத் தட்டினால் வளையம் சுருங்கி, ஆடுகிற பல் மாதிரி தண்டு கையோடு வந்துவிடும் என்று காலையில் சொன்னான். அதற்குப் பிறகு எத்தனை தட்டு என்று அவள் எண்ணவில்லை. கியர்பாக்ஸிலிருந்து வடித்த சிவப்பு ஆயில் பேசினில் பாதிக்கு நின்றது.

இருபத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன். பானெட்டில் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதால் அங்கே அவனுக்கு டாக்டர் என்று பெயர். பராமரிப்பை ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்தார்கள். காண்டிராக்டர் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டார். டாக்டர் வீட்டுக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது.

டீச்சரம்மாவின் தம்பி கார் சர்வீஸ் சென்டர் வைத்திருந்தார். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிற அவள், எத்தனையோ நாள் வாயெடுத்து வாயெடுத்து அடக்கி, கடைசியில் போன வாரம் அவனுக்கு அங்கே ஒரு வேலை கேட்டேவிட்டாள். "வளைவுல திரும்பினா கார் டக்டக்குங்குது, ஆக்சில் மாத்தணுமாம். உன் வீட்டுக்காரர் இங்கயே வெச்சு மாத்தட்டும். சரியாப் பண்ணிட்டார்னா தம்பி வேலைக்கு எடுத்துப்பான்" என்றார் டீச்சரம்மா. கூலிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. புது ஆக்சில் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கியது. நேற்று அவன் சவரம் செய்துகொண்டான்.

கதவு திறந்தது. டீச்சரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வாசற்படியில் நின்றார்.

"என்னம்மா, பிரசவம் ஆச்சா இல்லையா? தம்பி கடையில இது அரைமணி நேர வேலையாம்."

"இதோ ஆயிடும்மா."

"ஆட்டோமேட்டிக் கார் வேறம்மா. பஸ் மாதிரி இல்ல. அவர்கிட்ட சொல்லு."

அவன் தலைக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டுதான் அவர் அவளிடம் அப்படிச் சொன்னார். அவன் பனியன் விலாப்பக்கம் கிழிந்திருந்தது. டீச்சரம்மாவின் கண் அங்கே போகிறதோ என்று தோன்றியதும் அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறைத்தாள். காலையில் வீட்டில் அதே பனியனை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். அங்கே அது வேலைக்கான பனியன். இங்கே வந்ததும் அது கிழிந்த பனியனாகிவிட்டது. நாம் யாருடைய கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு இவரைப் பார்க்கிறோம் என்று அவளுக்கே கூசியது.

டீச்சரம்மா உள்ளே போனதும் அவன் மெதுவாகச் சொன்னான்.

"யாரோ இதுக்கு முன்னாடி இத அடிச்சு ஏத்தியிருக்கான். லாக் வளைஞ்சிருக்கும், அதான் பிடிவாதம். போன வருஷம் இந்தப் பக்கம் வேலை நடந்துச்சா?"

"ஆயில் ஒழுகுதுன்னு தம்பி கடைக்குப் போச்சு."

"ம்." அவன் நெம்புகோலை மாற்றிப் பிடித்தான். "டார்ச்ச அந்த டப்பா மேல வை. தண்ட ரெண்டு கையாலயும் பிடி. நான் சொல்றப்ப கால் சுத்து திருப்பு. வளையத்தோட வாய் கீழ வரணும். எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்."

அவள் பிடித்தாள். கிரீஸ் விரல் இடுக்கெல்லாம் ஏறியது. திருப்பு என்றான், திருப்பினாள். தட்டினான். இன்னும் கொஞ்சம் என்றான். நாலாவது தடவை தண்டு அவள் உள்ளங்கையில் லேசாகச் சிலிர்த்த மாதிரி இருந்தது.

"வந்துச்சு! ஏதோ அசைஞ்சுதுங்க!"

"கத்தாத. அப்படியே பிடி."

நெம்புகோலை மேலும் கீழும் ஒவ்வொன்றாக ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே அழுத்து. தண்டு வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. அதே கணத்தில் கியர்பாக்ஸின் விளிம்பில் டக்கென்று ஒரு சத்தம். கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு ஒன்று தெறித்து ஆயில் பேசினுக்குள் விழுந்தது.

"என்ன அது? என்ன உடைஞ்சுது?" ஜன்னலிலிருந்து டீச்சரம்மா.

"மன்னிச்சுக்கங்கம்மா! தெரியாம ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க!"

அவள் சொல்லி முடித்துவிட்டாள். என்ன உடைந்தது, யார் உடைத்தது, உடைந்ததா இல்லையா எதுவும் தெரியாது. இந்த வீட்டில் எங்கே எது விழுந்தாலும் அவள் வாய் முந்திக்கொள்ளும். பூனை தட்டிவிட்ட டம்ளருக்குக்கூட அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். டீச்சரம்மாவே சிரித்திருக்கிறார்.

அவன் வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தான். அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு பேசினுக்குள் கைவிட்டுத் துண்டைத் தேடி எடுத்துத் துடைத்தான். அதற்குள் டீச்சரம்மா படி இறங்கி வந்திருந்தார்.

"இதப் பாருங்கம்மா" என்றான். "இப்ப உடைஞ்சிருந்தா உடைஞ்ச இடம் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கணும். இது கறுத்துப் போயிருக்கு. பழைய உடைசல். பசை போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. பசை இதோ ஒட்டிக்கிட்டே இருக்கு. ஆக்சில் நுனியில வளையத்தையும் பாருங்க, நசுங்கிக் கிடக்கு. போன தடவை போட்டவங்க..."

"போன தடவை போட்டது என் தம்பி கடையில."

"கடைய சொல்லலம்மா. வேலைய சொல்றேன்."

"உங்க சம்சாரமே மன்னிப்புக் கேட்டாச்சு. அப்புறம் என்ன கதை?"

அவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். தம்பியின் குரல் அவசரத்தில் இருந்தது.

"நம்ம பசங்க அப்படி ஒட்டு வேலை பண்ண மாட்டாங்கக்கா. அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல?"

"கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப சரி. பஸ்ஸுக்குப் பழகின கை காருக்கு ஆகாது. அப்படியே விட்டுட்டுப் போகச் சொல்லு. நான் ஆள் அனுப்பறேன்."

போன் அணைந்தது. டீச்சரம்மா அவள் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை.

"நீ சொல்லும்மா. பக்கத்துலயே இருந்தியே. இது பழைய உடைசலா, புதுசா?"

டார்ச் இன்னும் டப்பாவின் மேல் எரிந்துகொண்டிருந்தது. அவன் உள்ளங்கையில் துண்டின் கறுத்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஓரத்தில் சாம்பல் நிறப் பசை, காய்ந்து செதிலாக நின்றது. ஆமாம் பழசுதான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் தம்பி பொய்யராகிவிடுவார். தம்பி பொய்யரானால் நாளைக் காலை இந்தக் கேட்டுக்குள் அவளால் வர முடியாது. அவன் வேலை போய்விட்டது. மிச்சமிருப்பது அவள் வேலை ஒன்றுதான்.

"எனக்கு வண்டியப் பத்தி என்னம்மா தெரியும்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. துண்டைப் படியோரம் வைத்தான். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் போட்டான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி காருக்கு அடியில் நுழைந்து, திறந்து கிடந்த கியர்பாக்ஸ் வாயில் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் உறையை மூடி ரப்பர் பேண்ட் போட்டான்.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க" என்றார் டீச்சரம்மா.

"தூசி போயிடும்மா" என்றான்.

தோட்டத்துக் குழாயடியில் அவள் சோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் முழங்கைவரை தேய்த்தான். நுரை சிவப்பாக ஓடியது.

"நான் வேணும்னு சொல்லலீங்க. வாய் தானா..."

"நான் உடைக்கலன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லு."

"தெரியும்."

"சரி. நீ உள்ள போ. அடுப்புல ஏதாவது தீஞ்சிடப் போகுது."

அவன் நனைந்த காலோடு திரும்பியபோது டீச்சரம்மா போர்டிகோவில் பழைய செய்தித்தாள்களை ஒன்றையடுத்து ஒன்றாக விரித்துக்கொண்டிருந்தார், குழாயடியிலிருந்து கேட்வரைக்கும். "தரையெல்லாம் ஆயில் ஆயிடும். இது மேலயே போயிடச் சொல்லு" என்றார் அவளிடம். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு தாளையும் தப்பவிடாமல் மிதித்து நடந்து வெளியே போய்க் கேட்டைச் சாத்தினான்.

அவள் தரையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு தாள்களைப் பொறுக்க வந்தாள். ஒவ்வொரு தாளிலும் ஈரமும் ஆயிலுமாக அவன் பாதம் பதிந்திருந்தது. இடது பாதத்தில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. டிப்போவில் ஜாக்கி சரிந்து பஸ் இறங்கிய அன்று போனவை. அவனுடைய கவனக்குறைவு என்று எழுதி, அவனிடமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"அப்படியே சுருட்டிக் குப்பையில போட்டுடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சரிம்மா" என்றாள். மூன்று விரல் பதிந்த தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.